சேலை மடிப்பு பார்க்கப் போன வியாழக்கிழமை

மதினி,

இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபிலோமி அக்கா ஆளுக்கொரு நோட்டீசைக் கையில் திணித்தார். மை வாசனை இன்னும் போகவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குத் திருயாத்திரை போக மறுபடி ஆள் சேர்க்கிறார்கள். மேலே வேளாங்கண்ணிக் கோபுரம், கீழே கப்பல், நடுவில் நீங்கள். சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் தோளில் ஒரு கை மட்டும் தெரிகிறது. அது என் கை. என்னை வெட்டிவிட்டு உங்களை மட்டும் போட்டிருக்கிறார்கள். அடியில், 'கண்மூடும் முன் மாதாவைத் தரிசிக்கும் பாக்கியம் பெற்ற நம் சகோதரியின் நினைவாக' என்று எழுதியிருக்கிறது.

பாக்கியமாம். அங்கேயே நாலாகக் கிழித்தேன். ஃபிலோமி அக்கா வாயடைத்து நின்றார். நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவியாக இருந்து எல்லாரையும் வாயடைக்க வைத்துப் பழகியவர், பாவம், எதிர்ப்பக்கம் நின்றதில்லை.

பாக்கியத்தால் நீங்கள் சாகவில்லை. சென்னையில் ஒரு வியாழக்கிழமை காலை எடுக்க வேண்டிய ஸ்கேனை எடுக்காமல் செத்தீர்கள். இங்கே இருந்த டாக்டர் சீட்டு எழுதி, நாள் வாங்கிக் கொடுத்து, கட்டாயம் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீங்கள் போகவில்லை. இதை நோட்டீசில் போடச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நம் தீவு வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே யாரும் ஒரு காரியத்துக்காக மெயின்லேண்ட் போவதில்லை. கல்யாணம், வேண்டுதல், பல் பிடுங்குவது, பட்டுச் சேலை, பத்திரம் பதிவது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறுவோம். திரும்பி வரும் கப்பல் தேதிதான் நமக்கு ஆண்டவர் கட்டளை. அந்தத் தேதிக்குள் எது நடந்ததோ அது நடந்தது. நடக்காததை அடுத்த மெயின்லேண்டுக்குத் தள்ளுவோம். நீங்கள் உங்கள் ஈரலை அடுத்த மெயின்லேண்டுக்குத் தள்ளினீர்கள்.

கப்பலிலேயே நான் அந்தப் பழுப்பு உறையைப் பார்த்தேன். இரண்டாம் நாள், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் பாதிப் பேர் வாந்தியெடுத்துக் கவிழ்ந்து கிடந்தார்கள். எனக்கு எலுமிச்சம்பழம் எடுக்க உங்கள் பையைத் துழாவினேன். என்ன இது என்று கேட்டேன்.

"பழைய சீட்டு. சோடோ, பிள்ள" என்றீர்கள்.

எதற்கெடுத்தாலும் அந்த 'சோடோ' ஒன்று வைத்திருந்தீர்கள். பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம் கற்ற இந்தி முழுவதும் மறந்தாலும், விட்டுத்தள்ளு என்கிற அந்த ஒரு சொல் மட்டும் நாக்கிலேயே குடியிருந்தது. அரிசியில் புழுவா, சோடோ. அண்ணன் கோபமா, சோடோ. நானும் விட்டுத்தள்ளிவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டேன்.

வேளாங்கண்ணியில் நீங்கள் முழங்காலால் நடந்தீர்கள். மணல் சுட்டது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். வேண்டாம் எழுந்திருங்கள் என்றேன், கேட்கவில்லை. கடைத்தெருவில் காணிக்கைக்கான தகட்டு உருவங்கள் குவித்து வைத்திருந்தார்கள். கண், கை, கால், தொட்டில், படகு. அண்ணன் மூட்டுவலிக்கு ஒரு கால் எடுத்தீர்கள். என்றைக்காவது எனக்கென்று ஒரு வீடு அமைய வேண்டும் என்று ஒரு வீடு எடுத்தீர்கள். உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

"கடக்காரங்கிட்ட ஈரல் இருக்கான்னு கேளு" என்றீர்கள்.

நான் சிரித்தேன் மதினி. கடைக்காரரும் சிரித்தார். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள், அதனால் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லக் கூடாதா? மனுஷி என்றால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். கேலி பேசிவிட்டுப் போனால் எதிரில் இருப்பவளுக்கு என்ன தெரியும்?

அடுத்ததற்கு வருகிறேன். இதைத்தான் இவ்வளவு நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

நம் கோயில் மாதாவுக்குத் திருவிழாச் சேலை தைப்பது நான்தான். டெலானிபூரில் நம் குவார்ட்டர்ஸின் பின்னறையில், அண்ணன் வாங்கிக் கொடுத்த மிஷினில், இருபது வருசமாகத் தைக்கிறேன். சுரூபத்துக்குச் சேலை கட்டுவது ஆளுக்குக் கட்டுவது போல இல்லை. மரத்துக்கு இடுப்பு கிடையாது, துணி வழுக்கும், மடிப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய கோயிலில், சேலை மடிப்பையே மரத்தில் செதுக்கிய வியாகுல மாதா இருக்கிறாள் என்று யாரோ போனில் படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஏக்கம் பிடித்துவிட்டது. வேளாங்கண்ணியிலிருந்து எல்லாரும் சென்னைக்கு பஸ் ஏறிய புதன்கிழமை, நாம் இரண்டு பேர் மட்டும் பிரிந்து அங்கே போய்விட்டு, வெள்ளிக்கிழமை காலை நேரே கப்பலுக்கு வந்துவிடலாம் என்று நான்தான் கெஞ்சினேன்.

"வியாழக்கிழமயா?" என்று கேட்டீர்கள்.

"ஏன், ஏதும் சோலி கெடக்கா மதினி?"

பையை இழுத்து மூடினீர்கள். "ஒண்ணுமில்ல. சல், போவோம்" என்றீர்கள்.

அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். வௌவால் நாற்றம். சன்னலைத் தள்ளியதும் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். நீலச் சாயம் பாதி உதிர்ந்து மரத்தின் ரேகை தெரிந்தது. கண்ணீர் எதுவும் செதுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, யார்மீதோ ஆத்திரமாக இருப்பது போலத்தான் அந்த முகம் இருந்தது. நான் முகத்தை எங்கே பார்த்தேன்? நேரே மடிப்புக்குப் போனேன். இடது முழங்காலில், செத்த பிள்ளையின் பாரம் அழுத்திய இடத்தில் மட்டும் மடிப்பு நசுங்கி, ஓரம் வெளியே பிதுங்கியிருந்தது. மற்ற மடிப்பெல்லாம் ஒழுங்காக விழுந்திருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன், தாளை வைத்து வரைந்தேன்.

"செதுக்குனவன் வீட்டுல பொம்பளைய இருந்திருக்காவ" என்றீர்கள். "மடில கனம் கெடந்தா சேல கசங்காதா? மத்த கோயில்ல எல்லாம் மாதாவ நிக்க வச்சே கொல்லுதாவ. இவ ஒருத்திதான் உக்காந்திருக்கா."

சொல்லிவிட்டு நீங்களும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தீர்கள். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தீர்கள். முகம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் நான் அளந்தேன், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். சென்னையில் யாரோ உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம்தான் இன்று நோட்டீசில்.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வருசத் திருவிழாவுக்கு அதே மடிப்பில் தைத்தேன். மெயின்லேண்ட் டிசைன் என்று தூரத்துப் பெரார்கஞ்சிலிருந்து கூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். நீங்கள் சப்பரத்தின் பின்னால் பத்தடி நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தீர்கள். மஞ்சள் காமாலை கண்ணில் ஏறிய பிறகுதான் பிளேனில் கொண்டுபோனோம். அப்போதுதான் அந்தப் பழுப்பு உறையைப் பிரித்து, சீட்டில் அந்த வியாழக்கிழமைத் தேதியைப் பார்த்தேன். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். வந்தோம் டாக்டர், மாதாவைப் பார்க்க வந்தோம் என்று சொல்லத் தோன்றியது.

இன்று மட்டும் வாயை அடக்கவில்லை. பிறகு நடந்த யாத்திரைக் கூட்டத்தில் எழுந்து, "யாருகிட்ட ரெஃபரல் சீட்டு இருக்கோ அவுக மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவணும். மாதா எங்கயும் ஓடிர மாட்டா" என்று கத்தினேன். ஃபிலோமி அக்கா, "துக்கத்துல பேசுறா" என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். துக்கம் இல்லை, கோபம் என்றேன். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவள், இந்த யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். தன் பையைத் திறந்து ஒரு உறையைக் காட்டினாள். அவளோடு நான் போகிறேன். அவள் ஸ்கேன் எடுத்து வெளியே வரும்வரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்க விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பின்வாசலில் குத்தவைத்து மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தார். தான் எடுத்துக் கொடுத்த திரும்பும் கப்பல் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று இத்தனை காலமாகத் தன்னையே தின்றுகொண்டிருக்கிற மனுஷன். இனியும் மறைத்தால் எனக்கே பொறுக்காது. முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த வியாழக்கிழம மதினி ஆஸ்பத்திரிக்குப் போவாததுக்கு நான்தான் காரணம். நான்தான் அந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலையிலயே போன் போட்டா. பிள்ள நம்ம வீட்டுக்கு வந்த நாளுல இருந்து தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல, இத ஒண்ணு கேக்கான்னா. நான் சத்தம் போட்டேன். வச்சிட்டா." கத்தியைத் தண்ணீரில் கழுவினார். "பெறவு கடைசில, ஆஸ்பத்திரில வச்சி, பிள்ளைக்கு இது தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நீ எதும் மனசுல வைக்காத. சாப்பிடு."

வைக்காதேயாம். எனக்குத் தெரியாமல் புருசனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி என்னை மன்னித்திருக்கிறீர்கள். யார் கேட்டது? பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட முதலில் நான் போய் முழங்காலிட்டு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு அந்த இடத்தையே நீங்கள் விடவில்லை. சாகக் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, சாப்பிட்டியா பிள்ள என்றுதான் கேட்டீர்கள். எல்லாம் தெரிந்துகொண்டு அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

மற்றவர்கள் உங்களை மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடட்டும். எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம். கப்பலில் போகும்போதும், அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அதுதான் என்னிடம் இருக்கும். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் ஒரே அறையில் இருந்தோம். ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம், மதினி.