திரும்பி வருகிற டீசல்

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தான் நலமில்லை என்று படி ஏறும்போதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்கிறது. அங்கே நீயும் உன் வண்டியும் நலமா? முன்பெல்லாம் உன்னை மட்டும் விசாரித்தால் போதும், இப்போது வண்டியை விசாரிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய், கட்டிக்கொண்ட மாப்பிள்ளையைக் கேட்காமல் விட்டது போல. நீ கேட்டதற்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, ஏன் தாமதம் என்று படித்தால் உனக்கே தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும் நீ "சிக்னல் போட்டுட்டான்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், உங்கள் ஊரில் நான் பேசும்போது மட்டும் சிக்னல் விழுகிறது போலிருக்கிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைசி வரை படி.

நீ அனுப்பிய ஒப்பந்தத் தாளின் படத்தைப் பார்த்தோம். இப்போது அவ்வப்போது ஓட்டுகிறாயே, சோபா, கட்டில், பீரோ விற்கிற அந்தப் பெரிய கடை, இனி ஒரு வருடம் முழுக்க அதற்கு மட்டும்தான் நீ ஓட்ட வேண்டும், நடைக்கு இவ்வளவு என்று ஒரே ரேட், வேறு யார் சாமானையும் ஏற்றக் கூடாது, வெள்ளிக்கிழமை கையெழுத்து, போடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே நீ போட்டிருந்த கணக்கையும் பார்த்தோம். நூறு வந்தால் டீசல் பதினேழு, மீதி எண்பத்து மூன்று லாபம், அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு. உன் அப்பாவுக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது. மறுநாள் அவருடைய கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், எழுத்துத் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால், "என் பொண்ணு முதலாளி ஆயிட்டா" என்று சொல்லியிருக்கிறார். பாவம், கண் தெரியாமல் வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்தான் அந்த முகத்தை விட்டுவிட்டு, மேலே இருந்த கணக்கை மறுபடி படித்தேன். நீ தொட்டிலில் கத்திக்கொண்டிருக்க, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையில் செலவுக் கணக்கியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்தவள் நான், அன்றைக்கு நீ ஒரு வரி கூடக் காதில் வாங்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஏண்டி, போகிற டீசலைக் கழித்திருக்கிறாய், திரும்பி வருகிற டீசல் எங்கே? பீரோவை இறக்கிவிட்டு என்ன, பறந்தா வருகிறாய்?

சரி, வண்டி ஓட்டாதவள் நான், எனக்கு என்ன தெரியும் என்று நீ சொல்லக் கூடாதே, அதனால் பல் கிளினிக் வரவேற்பு மேஜைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு உன் மாமாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் அண்ணன் எத்தனை வருடமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார், அவரைவிட யாரைக் கேட்பது? "லாபம் எப்படிண்ணா கணக்குப் பண்றே?" என்று கேட்டதற்கு, "சாயங்காலம் சட்டைப் பையில என்ன இருக்கோ அதான் லாபம், இதுக்கு என்ன காலேஜு" என்றார். நாள் முழுக்க அவர் பக்கத்தில் குலுங்கிக்கொண்டு போனேன். காலையில் பங்க்கில் டீசல் போட்டார், அது நேற்றைய பணமாம், அதனால் இன்றைய செலவில் வராதாம். ஒரு கிடங்கு வாசலில் அரை நாள் காத்திருந்தோம், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று அதையும் சேர்க்கவில்லை. சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்தோம், அது வீட்டுக்கு வருகிற வழிதானே என்றார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதச் சீட்டு எழுதினார்கள், அது போலீஸ்காரரின் தப்பாம். பின்னால் இரண்டு டயரும் புதிதாக இருந்தன. இது எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது செலவு இல்ல, அது உன் அண்ணி குடுத்தது" என்றாரே பார்க்கலாம்! உன் அத்தை கட்டிவந்த சீட்டுப் பணம் உருண்டு உருண்டு ஓடுகிறது, அது செலவே இல்லையாம், இன்சூரன்சும் அண்ணி, பேட்டரியும் அண்ணி, அவர் பையில் இருந்து போனால் மட்டும்தான் செலவு. சாயங்காலம் அத்தையிடம் இதை அப்படியே போட்டுக்கொடுத்தேன், இது தப்பா சொல்? அவள் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "அப்ப அந்த டயர் என்னோடது, நாளைலேர்ந்து நான் சொல்ற இடத்துக்கு மட்டும்தான் உருளும்" என்றாள். மாமா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னிடம்தான் சொல்கிறேன், நம் வீட்டு ரத்தத்தில் இந்த வியாதி இருக்கிறது, யார் கொடுத்தார்கள் என்று பார்ப்போமே தவிர, எவ்வளவு போயிற்று என்று பார்க்க மாட்டோம். உனக்கும் வண்டிக்கு முதல் வருட இன்சூரன்சு நான் கட்டினேன், அதனால்தானே உன் கணக்கில் இன்சூரன்சே இல்லை?

அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முதல் தடவை போட்டபோது நூறு சம்பாதிக்க நீ நூற்று மூன்று செலவழிக்கிறாய் என்று வந்தது. நான் அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்ச, உன் அப்பா கையில் தோசைக் கரண்டியோடு, "அப்போ வண்டி ஓட்டறதுக்கு நாமதான் அவளுக்கு மாசாமாசம் அனுப்பணுமா?" என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது, வண்டித் தவணையையும் கழித்துவிட்டு, வண்டி தேய்வதற்கு என்று தனியாகவும் கழித்திருக்கிறேன், ஒரே வண்டியை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். பட்டம் வாங்கியவளுக்கே இந்த கதி, நீ வெட்கப்படாதே. தவணை முடிகிற வரைக்கும் தவணையே அதற்கு நிற்கட்டும், முடிந்த பிறகு அதே பணத்தை அடுத்த வண்டிக்கு என்று எடுத்து வைக்கலாம். இப்படிப் பார்த்தால், நூறில் போக வர டீசல் முப்பத்தொன்று, தவணை இருபது, இன்சூரன்சும் பர்மிட்டும் எட்டு, டயர், ஆயில், பிரேக் எல்லாம் சேர்த்து ஒன்பது, போன், பார்க்கிங், அபராதம் நாலு. (அபராதம் இல்லை என்று சொல்லாதே, போன மாதம் நீ அழுதுகொண்டே பேசினாய்.) மீதி இருபத்தெட்டு. எண்பத்து மூன்று இல்லை, இருபத்தெட்டு. அது லாபம்கூட இல்லை, உன் சம்பளம். நீ வண்டியில் இருக்கிற மணி நேரத்தால் அதை வகுத்துப் பார்த்தேன், உன் அப்பாவின் கடையில் கண்ணாடி துடைக்கிற அம்மாவுக்கு உன்னைவிடக் கூட வருகிறது, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வேறு.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் நல்ல அம்மா. ஆனால் இந்த ரேட்டை எங்கிருந்து பிடித்தார்கள் என்று எனக்கு ஒரே அரிப்பு. ஒப்பந்தத் தாளின் தலைப்பிலேயே கடை நம்பர் இருந்தது. கிளினிக்கில் பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைக்க ஒரு குரல் வைத்திருக்கிறேனே, பஞ்சு போல, அந்தக் குரலில் வீட்டிலிருந்து போன் போட்டேன். மூன்று கதவு பீரோ வேண்டும் என்றேன், மேனேஜர் குழைந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையில் உனக்குக் கொடுப்பது பாதிகூட இல்லை. இவ்வளவா என்று இழுத்தேன், "நாங்க அதுல ஒரு பைசா எடுக்கறதில்ல மேடம், எல்லாம் வண்டிக்காரங்களுக்கே போயிடுது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று அளந்துவிட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "கவலையே படாதீங்க மேடம், வண்டி ஓட்டற பொண்ணே எங்க பையனோட சேந்து தூக்கிட்டு வந்து வச்சிரும். அதுக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டாம். தங்கமான பொண்ணு, எத்தனை மாடின்னாலும் முகம் சுளிக்காது."

அப்போ இதுதானா விஷயம்? இடுப்பு பிடித்துக்கொண்டது, தலையணை சரியில்லை என்று சொன்னாயே. நானும் நம்பி, தலையணை எப்படி வைத்துப் படுக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்து, தைலமும் புதுத் தலையணையும் வாங்கிப் பார்சல் அனுப்பினேனே. அதைப் பிரித்தபோது நீ சிரித்தாயா, அழுதாயா? பொய் சொல்வதில் நீ என் பெண்தான், சந்தேகமில்லை, ஆனால் இந்த ஒரு பொய்க்கு உன்னை நேரில் பார்க்கும்போது காதைத் திருகுவேன். என் கணக்கில் டயருக்கு இடம் இருக்கிறது, பிரேக்குக்கு இடம் இருக்கிறது, உன் இடுப்புக்கு எந்த வரியில் இடம் போடுவது? டயரை அத்தை வாங்கித் தருவாள், இடுப்பை யார் வாங்கித் தருவார்கள்?

மேனேஜர் "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில், பெண் பிள்ளை தூக்குவதென்றால் எனக்குப் பீரோவே வேண்டாம், தனியாக ஆள் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள், காசு நான் தருகிறேன் என்றேன். உடனே அவர், "அப்படின்னா ரெண்டு சுமைதூக்கி ஆள், மாடிக்கு இவ்வளவு மேடம்" என்று தயாராக வைத்திருந்த ரேட்டை மாடி மாடியாக ஒப்பித்தார். பார்த்தாயா! தூக்குவதற்கு அவர்களிடம் ஒரு விலை இருக்கிறது, நீ தூக்கினால் மட்டும் விலை கிடையாது. அவர் சொன்ன ரேட்டைத் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறுநாள் பீரோவுக்கு விலாசம் கேட்டு அந்த மனுஷர் திரும்பக் கூப்பிட்டுவிட்டார், எடுத்தது உன் அப்பா. மூன்றாவது மாடி மேடம் இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, "இங்க மாடியே இல்லீங்களே, மொட்டை மாடி மட்டும்தான்" என்று பதில் சொல்லிவிட்டு, தொடர்ந்து "என் பொண்ணும் உங்க ஊர்லதான்..." என்று ஆரம்பிக்கிறார், நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கி வைத்தேன். யாரோ பைத்தியக்கார மேடம் போன் செய்தாள் என்று அவர்கள் கடையில் சொல்லிச் சிரித்தால் நீயும் கூடச் சேர்ந்து சிரி, முகத்தை மட்டும் மாற்றிவிடாதே.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கையெழுத்தே போடாதே என்று நான் சொல்லவில்லை. நிலையான வேலை கிடைக்காமல் நீ எவ்வளவு அலைந்தாய் என்று தெரியும், தவணை தேதி வந்தால் உனக்குத் தூக்கம் வராது என்பதும் தெரியும். ஆனால் அந்தத் தாளை மாற்றாமல் போடாதே. ரேட்டு நடைக்கு இல்லை, கிலோமீட்டருக்கு, போக வர இரண்டுக்கும். கிடங்கில் அரை மணிக்கு மேல் காக்கவைத்தால் அதற்குத் தனியாக. சாமான் வாசல் வரைக்கும்தான் உன் பொறுப்பு, அதற்கு மேல் அவர்கள் ஆள், அவர்கள் கூலி; அவர்கள் தாளில் "வாடிக்கையாளர் சொல்லும் இடத்தில்" என்று போட்டிருக்கிறார்கள், வாடிக்கையாளர் மொட்டை மாடியைச் சொன்னால் என்ன செய்வாய்? வேறு சாமான் ஏற்றக் கூடாது என்பதையும் அடித்துவிடச் சொல், உனக்கு வாரா வாரம் காகிதக் கட்டு கொடுக்கிற அச்சகத்துக்காரரை விட்டுவிடாதே, நல்ல மனிதர், திரும்பி வரும்போதும் ஏதாவது ஏற்றிவிடுகிறவர். இவ்வளவும் கேட்டால் அவர்கள் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்த மாதத் தவணைக்கு வழி பண்ணலாம், ஆனால் அதை அம்மா கொடுத்தது என்று செலவில் சேர்க்காமல் விட்டாயோ, தொலைத்துவிடுவேன். நீ மாதாமாதம் இங்கே பணம் அனுப்புகிறாயே, அதையும் நிறுத்து. எண்பத்து மூன்றிலிருந்து அனுப்புகிறாய் என்று நினைத்துத்தான் நாங்கள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தோம்.

உன் மாமா நேற்று ராத்திரி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். உன் கணக்கைப் போட்டது போலவே தன் வண்டிக்கும் போட்டுத் தர வேண்டுமாம், அண்ணிக்குத் தெரியக் கூடாதாம். அத்தை அதற்கு முன்னாலேயே வந்து கேட்டுவிட்டுப் போயாயிற்று என்று நான் சொல்லவில்லை.

நன்றாக இரு கண்ணே. வேளைக்குச் சாப்பிடு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாதே. இடுப்புக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது, எனக்குப் பிடித்ததை எழுதாதே, அவர் சொன்னதை எழுது. உன் கை வைத்த காரியமெல்லாம் விளங்கட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை அவர்கள் பேனாவை நீட்டும்போது உனக்கு "மாத்துங்க" என்று சொல்ல வாய் வராது, உன்னை எனக்குத் தெரியும், முகம் சுளிக்காத பொண்ணு. அப்போது பழியைத் தூக்கி என் மேல் போடு. "எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அவங்க ரொம்ப மோசமான பொம்பள" என்று சொல்லு. நம்பவில்லை என்றால் என் நம்பரைக் கொடு. இந்தத் தடவை என் சொந்தக் குரலில் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மோசமான அம்மா