கியர்ப்பெட்டிக்குள் சுறா

1942 ஜூலை 28, நீர்வேலி

கிறகோரியின் லொறிக் கியர்ப்பெட்டியில் இருப்பது சுறா எண்ணெய். இன்று காலை அவனே ஒப்புக்கொண்டான். பூனைகள் முன்பே சொல்லிவிட்டன. பூனையை ஆதாரமாகக் காட்டிப் பத்திரிகைக்கு எழுத முடியாது.

வாழைக்குலை ஏற்றுகிற லொறிக்குப் பின்னால் ஏன் இத்தனை பூனை என்று கேட்டவர் பிள்ளையார் கோயில் தருமகர்த்தா சதாசிவம்பிள்ளை.

"என்ன செய்ய ஐயா? சண்டை துவங்கினாப் பிறகு தடிப்பு எண்ணெய் கப்பலிலை வாறேல்லை. மயிலிட்டியிலை மச்சான் காய்ச்சினதை ஊத்தினன். ஊத்தாட்டில் பல்லைப் பல்லே தின்னும்."

ஆடி அமாவாசைக்கு எங்கள் பிள்ளையார் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போவது இந்த லொறியில்தான்.

"சுறாவுக்கு மேலையோ சாமி போறது?"

"முந்தி சீமை எண்ணெய் ஐயா."

"அது என்னத்திலை செய்தது?"

கிறகோரிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊரின் பாதி வாழைத்தோட்டம் தருமகர்த்தாவுடையது. சாமி ஏறாத லொறியில் இனி ஒரு குலையும் ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனார். கிறகோரிக்கு வேறு தொழில் இல்லை.

ஜூலை 30

கோயிற் சபை கூடியது. பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் பசுநெய் ஊற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். அபிஷேகத்துக்கு ஆகிறது பல்லுச்சக்கரத்துக்கு ஆகாதா என்பது தருமகர்த்தாவின் வாதம்.

"சாமி கியர்ப்பெட்டிக்குள்ளையோ இருக்கப்போறார்?" என்று கேட்டேன்.

"நீர் எழுத வந்தனீர். எழுதும்."

ஆகஸ்ட் 1

வெள்ளோட்டம். கோப்பாய்ச் சந்திவரை லொறி பொங்கல் வாசத்தோடு ஓடியது. பிறகு சூடேறி நெய் தண்ணீராயிற்று, மூட்டுகளால் ஒழுகிற்று. நெய் வாசத்துக்கு நாய்கள் வந்தன; பயந்து பூனைகள் விலகின. கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே யாரையோ அடிப்பது போலச் சத்தம்.

கிறகோரி கீழே படுத்து மிச்ச நெய்யைக் கையில் ஏந்திக் காட்டினான். இரும்புப் பொடி மினுங்கியது.

"இது என்ரை பல்லு ஐயா. தேஞ்சால் சண்டை முடியுமட்டும் வேறை பல்லு வராது."

தருமகர்த்தா குனிந்து பார்த்தார். "நெய்யிலை கலப்படம்" என்றார்.

நெய்யாம், கலப்படமாம்! ஒருத்தன்ரை சோத்திலை நெய்யை ஊத்திக் கெடுத்துப்போட்டு— சரி. நாளைக்கு எழுதுவோம்.

ஆகஸ்ட் 4

மிஷன் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் தேவராஜாவிடம் போனேன். அவர் ஒவ்வொரு எண்ணெயையும் விரலிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"தடிப்பு வேணும். சூட்டிலை தண்ணியாகப்படாது. பல்லுகள் நெரிக்கேக்கை வழுக்கி ஓடாமல் ஒட்டி நிக்கவேணும். நல்லெண்ணெய் மெல்லிசு. ஆமணக்கெண்ணெயை ஊத்திப் பாருங்கோ."

தருமகர்த்தாவிடம் சொன்னேன்.

"பேதிக்குக் குடுக்கிறதோ?"

"ஓம். லொறிக்குப் பேதியாகாது."

மரக்கறி எண்ணெய்தானே என்று சம்மதித்துவிட்டார்.

பள்ளிக்கூட விடுமுறை. வீடு வீடாகப் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கிற காலம். என் மனைவி பூரணம் பேரப்பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த போத்தலை மனமில்லாமல் எடுத்துத் தந்தாள். மற்ற வீடுகளும் தந்தன. போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் பிள்ளைகள்தான். இந்த ஊரில் இப்படி ஒரு பக்தியை நான் கண்டதில்லை.

ஆகஸ்ட் 6

லொறி சத்தமில்லாமல் ஓடுகிறது. ஊரில் சொட்டு ஆமணக்கெண்ணெய் இல்லை.

ஆகஸ்ட் 11

பிள்ளையார் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்பினார். கியர் ஒருமுறையும் முரண்டு பிடிக்கவில்லை. தருமகர்த்தா கிறகோரிக்குப் பக்கத்தில் முன் ஆசனத்தில் இருந்து வந்தார். கோயில் வாசலில் இறங்கிப் பின்பக்கம் பார்த்தார். பூனைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"பாத்தீரே? வாயில்லாச் சீவனுக்கும் பக்தி வந்திட்டுது."

கிறகோரி குனிந்து லொறியின் பின்சில்லைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12

காலையில் தருமகர்த்தாவின் தோட்டத்துக் குலைகள் லொறியில் ஏறின. ஆட்கள் விலகியதும் கிறகோரியைக் கேட்டேன்.

"பின்சில்லு ரண்டையும் பூட்டிற பின்னச்சுக்கு நடுவிலையும் ஒரு பெட்டி கிடக்கு ஐயா. அதுக்குள்ளையும் பல்லுத்தான்."

"அதுக்குள்ளை?"

"அவையள் கியர்ப்பெட்டியைத்தானே கேட்டவை."

பத்திரிகைக்கு "தீர்த்தம் இனிதே நிறைவேறியது" என்று அனுப்பினேன். அதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை.

பின்னச்சுக்கு இன்னொரு போத்தல் தேடுகிறோம். சனிக்கிழமை பருத்தித்துறையிலிருந்து ஆமணக்கெண்ணெய் வரும் என்கிறார் கடைக்காரர். முதற்போத்தல் பேரப்பிள்ளைகளுக்கு என்கிறாள் பூரணம். அடியார்க்கூட்டத்தோடு வந்த பூனைகளுக்குக் கோயிலில் தினமும் பால் வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சபை ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது.