தெரியாத இடத்தில் நிற்பது

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த பஸ்ஸில் இன்று எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மாவின் கையில் வாதத் தைலம் மணத்தது. உன் வலக்கைக்கு நான் பூசிவிட்ட அதே தைலம். ஆரையம்பதி தாண்டும்வரை அந்த மணத்தை விட்டு முகத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்குத் தாமாகக் கற்கத் தெரிகிறதா என்று அளக்க ஒரு வழி செய்யச் சொல்லி, கல்வி அலுவலகத்தில் நம் இருவரோடு இன்னும் சில ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் வினாக்கொத்துத்தான் எழுதினோம். ‘நான் திட்டமிட்டுப் படிக்கிறேன்: எப்போதும், சிலவேளை, ஒருபோதும் இல்லை.’ நீ அதை வாசித்துவிட்டுச் சிரித்தாய்.

“எல்லாப் புள்ளைகளும் ‘எப்போதும்’ எண்டுதான் கீறும். நல்ல புள்ளையா நடிக்கத் தெரியும் எண்டுதான் இதுல விளங்கும்.”

மறுவாரம் கதிரவெளியில் ஒரு பள்ளிக்குப் போனோம். பார்வையற்றோர் விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் அட்டைகள் உன் பையில் இருந்தன. அங்கே யாருக்கும் தெரியாத எழுத்து என்பதால்தான் அதைத் தேர்ந்தாய். முதல் அட்டையில் ‘அம்மா’. கீழே சாதாரண எழுத்திலும் அது இருந்தது. இரண்டாவதில் ‘மாடு’, கீழே எதுவும் இல்லை; அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பிலே முதலாவதாக வரும் பையன் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். இதை யாரும் சொல்லித் தரவில்லையே என்றான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தவணைக்குத் தவணை கடைசியில் நிற்பவள், இரண்டு அட்டைகளையும் மாறி மாறித் தடவினாள்.

“முன்னுக்கு ‘மா’ இருக்கு டீச்சர். பின்னுக்கு வாறது ‘அம்மா’ அட்டையில இல்ல. வேற அட்டை இருக்கா?”

அவள் சொல்லை முழுதாக வாசிக்கவில்லை. ஆனால் எது தெரியும், எது தெரியாது, என்ன உதவி வேண்டும் என்று பிரித்துவிட்டாள். அளக்க வேண்டியது அதைத்தான் என்றாய். திரும்பும் வழியில், அந்தப் பையனைப் பற்றி நான் ஏதோ குறையாகச் சொன்னேன். நீ விடவில்லை. “அவன்ல பிழை இல்லகா. தெரியாம நிக்கிறதுக்கு நாம அவனைப் பழக்கல்ல.”

கூட்டத்தில் உன் வழியை எடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க முடியாது, முடிவில் மதிப்பெண்ணாக ஒரு புள்ளி வேண்டும் என்றார்கள். வினாக்கொத்துத்தான் பள்ளிகளுக்குப் போனது. அன்று பாலத்தில் நின்று வாவியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் உன் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் படங்களைக் காட்டி, இது என்ன என்று கேட்கையில் நீ அழுதாய். எத்தனை பிள்ளைகளைப் பேசவைத்தவள். நான் வெளியே போய் அழுதேன்.

ஒரு பின்னேரம் நான் வந்தபோது, இடக்கையால் அந்தப் படங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். ஒரு பக்கம் மீன், பூ, பந்து, மரம். மறுபக்கம் கத்தி, சட்டி, கோழி. உதடு மூடித் தொடங்கும் சொற்கள் உனக்கு வந்தன, மற்றவை வரவில்லை. அதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. நீயே கண்டுபிடித்து, வரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு வராத சொல்லுக்குப் போகப் பார்த்தாய். ‘மீன் சட்டி’ என்று நீ சொல்லி முடித்த நாள் இருவருக்கும் பெருநாள்.

பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு, என்னைப் பார்த்துக் கோணல் சிரிப்போடு கேட்டாய்.

“எனக்கு... எத்தின புள்ளி?”

“போடத் தெரியல்லகா” என்றேன். நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். இரண்டாம் முறை வந்த வாதம் உன்னை விட்டுவைக்கவில்லை.

நான் இன்னும் வகுப்பில்தான் நிற்கிறேன். ‘தெரியா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்த பிள்ளையிடம் இப்போது போவதில்லை. எந்த இடம் வரைக்கும் தெரியும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பாடம் பின்தங்குகிறது, அதிபர் முகம் சுளிக்கிறார். போன கிழமை பின்னப் பெருக்கல் ஒன்றில் ஒரு பிள்ளை நெடுநேரம் திணறினாள். மனம் பொறுக்காமல் விடையை எழுதச் சோக்கட்டியைத் தூக்கினேன்.

“பொறுங்க டீச்சர். சொல்லிப்போடாதீங்க” என்றாள்.

கையை இறக்கிவிட்டு நின்றேன். உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது.