ஐஸையும் சேர்த்து அரை லிட்டர்

ஏழாயிரம்பண்ணை
14.5.2006

அன்பு மகன் பாலகுருவுக்கு,

அம்மா எழுதுவது. இருக்கன்குடித் தாய் உன்னைத் துபாயில் நல்லபடியாக வைத்திருப்பாள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியின் போனில் உன்னோடு பேசும்போது உன் அய்யா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் கடிதம்.

வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. இந்த வெயிலில்தான் கிட்னி டாக்டர், அய்யாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர், கஞ்சி, டீ எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறோம்.

நீ லீவில் வந்தபோது நீ வேலை பார்க்கிற ஓட்டலில் போடுகிற மாதிரி ஐஸ் டீ போட்டுக் கொடுத்தாயே, அதுதான் இப்போது அவருக்கு உயிர். பட்டாசுக் கம்பெனிக்குள் அடுப்பு கூடாது. அங்கே வேலை பார்த்த முப்பது வருஷமும் வெளியிலிருந்து கேனில் வரும் டீயை ஆறிப்போனபிறகுதான் குடித்தார். அதனாலோ என்னவோ இது சட்டென்று பிடித்துவிட்டது. நானும் டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி போட்டுக் கால் டம்ளர் ஊற்றுவேன். அதற்குமேல் ஐஸைத் தளும்பத் தளும்பப் போடுவேன். கடக் கடக்கென்று மென்று தின்பார். கால் டம்ளர்தானே என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுத்தேன்.

பாவி நான், ஐஸைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தின்கிற பொருள்தானே என்று இருந்துவிட்டேன். பத்தாம் நாள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. மதுரையில் எடை பார்த்த நர்சுப் பிள்ளை, ஐஸு உருகுனா தண்ணிதானம்மா, இதுகூடவா தெரியாது என்று எல்லோர் முன்னாலும் கேட்டது. தெரியும்தான், ஆனால் தோன்றவில்லையே. நீ சொல்லிக்கொடுத்ததால் வந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. அளவு தப்பியது என் கையில்தான்.

அன்றைக்கே ஐஸ் தட்டைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்துவிட்டேன். அவர் திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டுவேன், எனக்கென்ன வாய் இல்லையா? திட்டமாட்டேன் என்கிறார். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கிடக்கிறார். நேற்று, இனி மதுரைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேலுத்தாயி, எம்புட்டு நாளைக்கு இந்த ஊசியும் குழாயும், டம்ளரு நெறைய ஒரு தடவ குடு, குடிச்சிட்டுப் பேசாமப் படுத்துக்கிறேன் என்றார். நான் அழுது கும்பிட்டபிறகுதான் வேனில் ஏறினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகனை ஒரு தடவை வரச்சொல்லுங்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் என்னதான் செய்ய? கொடுத்தால் கொன்றவள் ஆவேன். கொடுக்காவிட்டால் தாகத்தோடு வைத்திருந்தவள் ஆவேன். கொடு என்று எழுதாதே, கொடுக்காதே என்றும் எழுதாதே. இரண்டில் எதைப் படித்தாலும் எனக்குத் தாங்காது. முதலாளி கையைக் காலைப் பிடித்தாவது லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடு. வந்து உன் கையாலேயே ஒரு டம்ளர் நிறையப் போட்டுக் கொடு, மகனே. பிள்ளை கொடுத்தால் அது பாவத்தில் சேராது.

உன் கைகால் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு,
அம்மா வேலுத்தாய்