வெள்ளிக்கிழமைக் கேள்வி

கண்டி,
வியாழக்கிழமை பின்னேரம்.

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

டியூஷன் முடிந்து நூலகத்தில் இருந்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். உங்களோடு வேலை செய்யும் அஸ்ஃபர் நானா லீவு முடிந்து இன்றிரவு கட்டாருக்குத் திரும்புகிறார். பஸ் கட்டுகஸ்தோட்டை நெரிசலில் மாட்டிக்கொள்வதற்குள் போய் அவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். நாளை ஜும்ஆவுக்கு முன் உங்கள் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபோன். அதில் எழுதினால் உம்மா பார்த்துவிடுவார். இப்படி எழுதுவது அவருக்குத் தெரியாது.

தம்பி பஹ்மிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கூரை ஒழுக்கையும் அடைத்தாயிற்று.

உம்மாவின் இரத்தச் சீனி ரிப்போர்ட் மறுபடி கூடி வந்த அன்று நீங்கள் ஃபோனில் கத்தினீர்கள். "நான் இங்க வெயில்ல காயுறேன், நீ அங்க களவாத் தின்றியா?" என்று கேட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்த கைரியா மாமி, "சும்மா ஏறுமா மதினி? உண்மையச் செல்லுங்களே" என்று சிரித்தார். உம்மா தைத்துக்கொண்டிருந்த அபாயாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மா வட்டிலப்பம் மாதிரி இனிப்பே தொட்டதில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது பிளேன்டீயோடு கருப்பட்டி கடிப்பதைக்கூட விட்டுவிட்டார். சோற்றையும் குறைத்துவிட்டார். பிறகும் ஏன் ஏறுகிறது என்று எனக்கு நிம்மதியே இல்லை. அதனால்தான் இங்கே வந்து தேடித் தேடி வாசித்தேன்.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை, வாப்பா. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புக் கலங்கள், செல் என்பார்களே அவை, அளவுக்கு மீறி வீங்கும்போது சில நெருக்குப்பட்டுச் செத்துப்போகின்றன. காயத்தில் கிருமி புகுந்தால் ஓடிவரும் இரத்த வெண்குழியங்கள் அங்கேயும் ஓடிவருகின்றன. அங்கே கிருமி இல்லை. இருந்தும் அவை ஆபத்து, ஆபத்து என்று இரசாயனச் செய்திகளை விடுகின்றன. அந்தச் செய்திகள் இரத்தத்தோடு ஈரலுக்கும் தசைக்கும் போகின்றன.

இன்சுலினும் ஒரு செய்திதான். இரத்தத்தில் நிற்கும் சீனியை உள்ளே எடுக்கச் சொல்வது அதன் வேலை. நம் அக்குறணையில் ஜும்ஆத் தொழுகை விட்ட நேரம் எல்லா வாகனமும் ஹோன் அடிக்கும்போது, நம் கேட்டுக்கு வந்த த்ரீவீலும் அடித்தால் யாருக்குத் தெரியும்? அப்படித்தான் உம்மாவின் உடம்பில் இன்சுலின் வந்து அடிக்கிறது, கதவு திறப்பதில்லை, சீனி ரோட்டிலேயே நிற்கிறது. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். பரம்பரை, தூக்கமின்மை, நாள் முழுக்கத் தையல் மெஷினில் குந்தியிருப்பது எல்லாம் இதில் சேரும். சாப்பாடும் சேரும். ஆனால் களவு என்ற சொல்லை ஒரு புத்தகத்திலும் நான் காணவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஃபோன் கோல் வரும்வரை உம்மா சாப்பிடுவதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று நீங்கள் முதலில் கேட்பீர்கள். இன்னும் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் அவருக்கு. சீனிக்கான குளிசையை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடுவார். சாப்பிடாமல் அதைப் போட்டால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். போன வெள்ளி உங்களுக்கு லொறி ட்ரிப் வந்து கோல் பிந்தியது. உம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பஹ்மியை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் சீனி கரைத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "வாணாம்மா, வாப்பா இப்ப எடுப்பாரு, கேப்பாரு" என்றார். நானும் பஹ்மியும் அழுதழுதுதான் பருக்கினோம். நீங்கள் எடுத்தபோது, சுகமாக இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னார்.

அதனால் நாளை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், வாப்பா. இன்று நடந்தாயா என்று கேளுங்கள். நடந்தால் தசை அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறதாம். தனியாக ரோட்டில் நடந்தால் ஆட்கள் கதைப்பார்கள் என்று மாமி சொல்கிறார். நானும் கூடப் போகிறேன். நீங்கள் போகச் சொன்னால் உம்மா போவார்.

இன்னொன்று. பெருநாளுக்கு நீங்கள் குனிந்து சோறு பரிமாறும் படத்தை அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கிறது. வெயில் என்று உம்மா சொன்னார். வெயில் பட்டால் மடிப்புக்குள்ளா அதிகம் கறுக்கும்? நான் வாசித்த புத்தகத்தில் இன்சுலின் எதிர்ப்பு பற்றிய பக்கத்தில் அதே மாதிரி ஒரு கழுத்தின் படம் இருக்கிறது. நீங்களும் நாள் முழுக்க லொறியில் குந்தியிருக்கிறீர்கள். ஒருநாள் லீவு போட்டு இரத்தம் சோதித்துப் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ரிப்போர்ட் எப்படி வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன தின்றீர்கள் என்று இந்த வீட்டில் ஒருவரும் உங்களைக் கேட்கமாட்டோம்.

துஆவுடன்,
உங்கள் மகள்
ஆஸிகா