சென்சாரை அணைத்தது யார் என்று சொன்னவளுக்கு

என் அன்பு தேவகி அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீல் ஆபீசிலிருந்து நேராகப் பாரிவாக்கத்தில் உன் வீட்டுக்குத்தான் வந்தேன். உன் மகள் கதவைத் திறந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று உன்னிடம் சொல்ல வந்தவன், மாலை போட்ட உன் படத்திடம்தான் சொன்னேன்.

பாடியிலிருந்த நம் கம்பெனிப் பட்டறையில் தகடு அழுத்தும் அந்த பிரஸ் மிஷினை எப்படி மறப்பேன்? கை உள்ளே போனால் அதை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி வேலை நிற்கிறதென்று சூப்பர்வைசர் அதை அணைத்துவைத்தார். என் வலது கை மணிக்கட்டோடு போனது. பக்கத்து மிஷினிலிருந்து ஓடிவந்து துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியவள் நீ.

நஷ்டஈடு கேட்டதும், சென்சாரை அணைத்தது நானேதான் என்றது கம்பெனி. ஆதாரம், நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா?

தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் முன் நடந்த விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்தத் தாளை உன்னிடம் நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான் சார். அதுல எழுதிக்கீறது என்னுது இல்ல. வேலை ஓணும்னா போடுன்னாங்க, போட்டேன். சென்சாரை ஆஃப் பண்ணது சூப்பர்வைசர். என் கண்ணால பாத்தேன்."

மறுநாள் உன்னைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடிவந்து அழுதேன். "இன்னாத்துக்குடா அழுவுற? ஊட்டுக்குப் போ" என்றாய்.

பிறகு என் இழப்பை அளந்தார்கள். டாக்டர் ஏதோ ஒரு சதவீதக் கணக்கு சொன்னார். இன்னொரு கை இருக்கிறதே, வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே என்றார் கம்பெனி வக்கீல். பார்த்த வேலையை இனிப் பார்க்கவே முடியாதவனுக்கு அது முழு இழப்புதான் என்று முடிவு செய்தார் ஆணையர்.

என் மகளுக்குத் தலை பின்னிவிட முடியாதது அதில் சேராதாம். உன் வேலை போனதும் சேரவில்லை. அதன்பின் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாயே, மார்வலியை யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாயே, அதையெல்லாம் யார் அளப்பார்கள் அக்கா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மிஷினுக்குப் புதிதாக வந்த சுகுணாவுக்கு விரல்கள் போய்விட்டன. சென்சாரை அவளே அணைத்தாள் என்கிறார்கள். "உள்ள கீறவங்க யாரும் வாயே தொறக்கல. சாட்சிக்கு நீங்க வர்றீங்களாண்ணா?" என்று கேட்டாள். அன்று நான் அங்கே இல்லைதான். ஆனால் அங்கே சென்சாரை யார் அணைப்பார் என்று எனக்குத் தெரியுமே.

அதற்குள் சூப்பர்வைசர் போன் செய்தார். "நீ ஒதுங்கிக்கோ, உன் கேஸ்ல அப்பீல் போக மாட்டோம்." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்துவிட்டேன், அக்கா. அவர்கள் அப்பீல் போகட்டும். சுகுணாவின் விசாரணையில் நான் சாட்சி சொல்வேன்.

கூடப் பிறக்காத உன் தம்பி,
சேகர்