தும்பா இல்லாமல் வாசித்த கியூபா இசை

இன்று காலை அடுப்பை மட்டாக எரியவிட்டுத் தும்பா மேளத்தின் தோலை அனலில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மழைக்குத் தொய்ந்துபோயிருந்தது. வாடை கிளம்பியதும், நீ வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. "இன்னா மச்சான், ஊடு பூரா தோல் நாத்தம்" என்பாய். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூந்தமல்லி மெல்லிசைக் குழுவில் நீ கிடார், நான் தும்பா. எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் வேலை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாய். ஒருநாள் இரவல் வாங்கிய கேசட் ஒன்றைப் போட்டாய். கியூபாக்காரர் ஒருவர் தன் நாட்டின் இசை இதுதான் என்று இளம் வயதில் கிடாருக்கு எழுதியது. கரும்புக்காட்டு வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு இழுத்துவரப்பட்டவர்களின் மேளத்தை அவர் ஆறு கம்பியில் இறக்கியிருந்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மேலே கேக்காதே. அடியிலே கட்டைவிரல் இன்னா பண்ணுதுன்னு கேளு. உன் தும்பாவே அந்த ஊர்லேர்ந்து வந்ததுதான்" என்றாய். கேட்டேன். கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. அதை நம் ஊர் மேடையில் முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று அன்று பிடித்தது உனக்குப் பைத்தியம்.

அந்த வருடம் ஆடித் திருவிழாவில் பாட்டுக்காரர் வந்த வேன் வானகரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அதுவரை ஏதாவது வாசியுங்கள் என்றார்கள் விழாக்காரர்கள். நான் இன்னும் தோலை முறுக்கிக்கொண்டிருக்க, நீ அந்தக் கியூபா இசையை ஆரம்பித்துவிட்டாய். முன்வரிசைக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "இன்னா நைனா, இன்னும் சுதி சேத்துகினே கீறே? பாட்டப் போடு." கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே சினிமாப் பாட்டுக்குத் தாவினாய். நான் கூட்டத்தைப் பார்க்காமலே அடித்து முடித்தேன். திரும்பும் பஸ்ஸில் நீதான் என்னைத் தேற்றினாய். "அவங்க மேல இன்னா தப்பு? மேளத்தை உட்டுட்டு நான் மட்டும் வாசிச்சா அப்டித்தான் கேக்கும். அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேர்ந்து போட்லாம்."

பொங்கலுக்குப் பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி, பத்தியம், மந்திரிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் உனக்கு அதே நினைப்பு. இரும்புக் கட்டிலில் தட்டிக் காட்டினாய். "நீ முதல் தட்டை உட்டுட்டு அடி மச்சான். அந்த எடத்துல நான் கட்டைவிரலோட வந்துடுவேன்." வந்துவிடுவாய் என்றுதான் நம்பினேன். ஆடி பிறக்குமுன் போய்விட்டாயே, பாவி.

அதன் பிறகு எத்தனையோ கிடார்க்காரர்களோடு மேடை ஏறிவிட்டேன். யாரிடமும் இதைப் பேசியதில்லை. வீட்டில் யாரும் இல்லாத பொழுதில் அந்தத் தாளத்தை வாசிப்பேன். நீ சொன்ன அந்த முதல் தட்டில் அடிக்காமல் கையைத் தூக்கி வைத்திருப்பேன். நீ வருவதில்லை. கை அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறது.